கடலை எடுத்துவிட்டுக் காடு போடவும்

1

இந்தக் கதை ஒரு டெண்டரில் பிறந்தது. கோபத்தில் பிறந்த கதைகள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகப் பிறந்து, பிறகு நன்றாக வளர்ந்துவிட்ட கதைகளும் உண்டு. இதற்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான பூர்வீகம் எதுவும் கிடையாது. தூரதேசத்து அரசாங்கம் ஒன்று, ‘எங்கள் நாட்டுக்குத் திருட்டுத்தனமாக வராதீர்கள்’ என்பதை நம் மொழியிலேயே நமக்குச் சொல்ல விரும்பியது. அதற்கு ஒரு விளம்பரக் கம்பெனியை அமர்த்தியது. கம்பெனிக்கு ஒரு வசனகர்த்தா தேவைப்பட்டான். மேடை நாடகங்களுக்கு எழுதிக்கொண்டு, மீதி நேரத்தில் பாடநூல்களுக்குப் பிழை திருத்தி வயிறு கழுவிக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

இதற்குச் சில ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

‘அந்த மனிதன் கடலைப் பார்த்தபடி நெடுநேரம்’ (வேண்டாம். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. படம் எடுத்தது நீச்சல்குளத்தில்.)

‘புலம்பெயர்வு என்பது மனிதகுலம் தோன்றிய நாள் முதலாக’ (இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

‘என் தங்கை புருஷன் மூன்று தடவை செத்தார். மூன்றுக்கும் வசனம் நான்.’

உண்மை இந்த மூன்றாவதுதான். ஆனால் முதல் வரியிலேயே இவ்வளவு சாமர்த்தியம் காட்டுகிறவனை நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் அதை இங்கே, கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்திருக்கிறேன்.

2

கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை. குளிர் தாங்காமல் எல்லோரும் நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண்மணி, என்னைவிட இளையவர். நான் மேடம் என்றேன், அவர் சார் என்றார். கடைசிவரை அதுதான் எங்கள் உறவு.

“ஹீரோ நல்லவனா இருக்கணும் சார். ஆனா அவசரக்காரன். ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் படகுல ஏறணும். கடைசில சாகணும்.”

“அவன் ஏன் மேடம் போறான்?”

“ஆசைதான். பெரிய வீடு, காரு.”

“ஊர்ல ஏதாவது பிரச்சினை, மிரட்டல்... அந்த மாதிரி?”

“அதெல்லாம் வேண்டாம் சார். பார்க்கறவங்க பாவம்னு நினைச்சிடுவாங்க.”

“சரி, ஏஜென்ட் வில்லனா?”

கொஞ்சம் யோசித்தார். “அவன் சின்ன வில்லன். பெரிய வில்லன் கடல்.”

(நல்ல தேர்வு. கடல் மறுப்பறிக்கை விடாது. ரோந்துக் கப்பல்கள் படகுகளை இழுத்துக்கொண்டுபோய் நடுக்கடலில் திருப்பி விட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கப்பல்களைப் பற்றி நான் எழுதிய ஒரே)

அந்த வாக்கியத்தை அவர்கள் அடித்தார்கள். அடித்த இடத்திலேயே இங்கும் நிறுத்திவிட்டேன்.

நடிகர் யார் என்று கேட்டபோது யோசிக்காமல் மாப்பிள்ளையைச் சொன்னேன். என் தங்கையின் கணவர். காவல் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆள் ஒருவர் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய கடை. உடைந்த கண்ணாடியை ஹீட்டரில் வைத்து இளக்கி, நகத்தால் மெதுவாகக் கிளப்பி எடுப்பார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஒத்திகைக்கு வருவார். என் நாடகங்களில் யார் சாக வேண்டியிருந்தாலும் அவர்தான். மூச்சை எங்கே ஒளித்துவைப்பாரோ தெரியாது. முன்வரிசையில் இருப்பவர்கூட எழுந்து பார்ப்பார். என் தங்கை மட்டும் அந்தக் காட்சி வரும்போது வெளியே போய் நின்றுகொள்வாள்.

குளத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கினோம். மாப்பிள்ளை குப்புற மிதந்தார். கட் சொன்ன பிறகும் மிதந்தார். லைட்காரர் பயந்துபோய் உடுப்போடு குதித்துவிட்டார். மாப்பிள்ளை தலையைத் தூக்கி, “டேக் ஓகேவா மச்சான்?” என்றார்.

படத்தின் கடைசியில் செத்தவனின் குரல் மட்டும் வரும்: ‘முறையான வழி இருக்கிறது. விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.’ இது கம்பெனி கொடுத்த வரி. செத்தும் விசா ஆலோசனை சொல்லும் பேயை உலக இலக்கியத்தில் நான்தான் அறிமுகப்படுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

படம் எல்லோர் கைபேசியிலும் ஓடியது. மாப்பிள்ளைக்குச் ‘செத்தவர்’ என்று பட்டப்பெயர் வந்தது. “செத்தவர் கடையில குடு, நல்லா பண்ணுவார்” என்றார்கள். வியாபாரம் கூடியது.

3

எறும்பு வரிசைக்குக் குறுக்கே சாக்பீஸ் கோடு கிழிப்போம் இல்லையா? எறும்பு கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும். அந்த நேரம் பார்த்து, ‘எறும்பு ஒழிந்தது’ என்று வீட்டுக்காரர் அறிக்கை விடுவார். அந்த அரசாங்கமும் விட்டது. கடல் வழி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அமைச்சர் ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார். எங்கள் படத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று கம்பெனியில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

அதற்குள் எறும்பு சுவரேறிவிட்டது. அந்தத் தேசத்துக்குப் பக்கத்து நாடொன்றுக்கு விமானத்தில் போனால் இறங்கிய இடத்திலேயே விசா. அங்கிருந்து காடு, காட்டின் அந்தப் பக்கம் எல்லை. கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘கடலை எடுத்துவிட்டுக் காடு போடவும். மற்றபடி வசனம் அப்படியே இருக்கலாம்.’

போட்டேன். ‘அலை வருது, கையைப் பிடிச்சுக்கோ’ என்பதை ‘நாய் வருது, கையைப் பிடிச்சுக்கோ’ என்று மாற்றினேன். அந்த எல்லையில் நாய்களை அவிழ்த்துவிடுவதாகச் செய்தி படித்திருந்தேன்.

மேடம் கூப்பிட்டார். “சார், நாய் வேண்டாம்.”

“ஏன் மேடம்?”

“நாய் கவர்ன்மென்ட்டோடது சார்.”

‘பனி வருது, கையைப் பிடிச்சுக்கோ’ ஆயிற்று.* மாப்பிள்ளை விறைத்துச் செத்தார். ஐஸ் கம்பெனி குடோனில் எடுத்தோம்.

* பனி வரும்போது கையைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று யாருமே கேட்கவில்லை.

4

இந்த இடத்தில் கேலியை நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளை கடையில் இருந்தபோது, எதிரே நிலையத்துக்கு ஒரு பெயின்டரைக் கூட்டி வந்தார்கள். பைக் திருடிவிட்டதாகச் சந்தேகம். சட்டையெல்லாம் நீலப் பெயின்ட். நிலையத்துப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் நாலு பேர் அவரைத் தூக்கி வந்து ஜீப்பில் போட்டார்கள். செருப்பு படியிலேயே கிடந்தது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. தெருவில் இருந்த யாரும் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை போய்ச் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான்: “நடந்து போனாரு. தூக்கிட்டு வந்தாங்க.”

“உங்களுக்கு எதுக்கு மாப்ள இந்த வேலை?” என்று கேட்டேன்.

“பார்த்துட்டேனே மச்சான்” என்றார்.

முதலில் கடைப் பூட்டுக்குள் பசை ஊற்றினார்கள். பிறகு ஷட்டரைப் பெயர்த்து, ரிப்பேருக்கு வந்திருந்த போன்களையெல்லாம் ஒன்று விடாமல் நொறுக்கினார்கள். பிறகு இரண்டு பேர் பைக்கில் வந்து, பள்ளிக்கூட வாசலில் நின்ற என் தங்கை மகளிடம், “நீ செத்தவர் பொண்ணுதானே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

குழந்தை வந்து வீட்டில் சொல்லியது. அதோடு அந்தப் பட்டப்பெயரை யாரும் வீட்டில் சொல்வதில்லை.

மாப்பிள்ளை முறையான வழியைத்தான் முதலில் பிடித்தார். அதே அரசாங்கத்துக்கு விசா கேட்டு விண்ணப்பித்தார். ‘விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்பதில் போதிய நம்பிக்கை ஏற்படவில்லை’ என்று பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார். “கரெக்டாதான் கண்டுபிடிச்சிருக்காங்க மச்சான்.”

நான் மேடத்திடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டார். கண் கலங்கியது. “அது வேற டிபார்ட்மென்ட் சார்” என்றார்.

5

காட்டில் வேலி எழுந்தது. அடுத்த படம் பாலைவனம்.

கண்ணாடி அறையில் புரொஜெக்டரிலிருந்து சுவர் முழுக்க வரைபடம் விழுந்தது. எந்த ஊரில் விமானத்திலிருந்து இறங்குகிறார்கள், எங்கே லாரி மாறுகிறார்கள், எந்தக் கிணற்றுப் பக்கம் இறக்கிவிடப்படுகிறார்கள், எல்லாம் சிவப்புக் கோட்டில். ஏஜென்ட் இவ்வளவு விவரமாகச் சொல்லமாட்டான். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், அந்த லாரி பகல்ல போகுமா?” என்று கேட்டார்.

“வெயில் தாழ்ந்துதான் போகுமாம் சார்.”

“கிணத்துக்கப்புறம் நடைதானா?”

“நடைதான். அங்கதான் நிறையப் பேர்...” மேடம் வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் மெதுவாக, “எவ்வளவு ஈடுபாடு பாருங்க சார்” என்றார்.

கல்குவாரிப் புழுதியில் மாப்பிள்ளை தாகத்தில் செத்தார். அவ்வளவு அருமையாக அதற்கு முன்னால் அவர் செத்ததில்லை. டப்பிங்குக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தங்கை கதவைத் திறந்து, “போய்ட்டாருண்ணா” என்றாள். அந்தப் படத்தில் ‘முறையான வழி இருக்கிறது’ என்று சொல்வது வேறொருவர் குரல்.

பயணத்தை இங்கே எழுதவேண்டும். எழுதமாட்டேன். மூன்று தடவை எழுதியாகிவிட்டது, மூன்றும் பொய். போய்ச் சேர்ந்தபின் அவர் போனில் சொன்னதை மட்டும் தருகிறேன்.

“நாம எடுத்த மாதிரி இல்ல மச்சான். நான் கண்ணை மூடிட்டுச் செத்தேன். அங்க கிடந்தவங்க எல்லாரும் கண்ணைத் திறந்து வச்சிருந்தாங்க.”

6

அந்த நாட்டில் தஞ்சம் கேட்ட மாப்பிள்ளைக்கு நேர்காணல் நடந்தபோது நான் அங்கே இல்லை. அதிகாரியின் முகத்தை நான்தான் வரைந்துகொள்ள வேண்டும். கெட்டவராக வரைந்து பார்த்தேன், பொருந்தவில்லை. மாப்பிள்ளை சொன்னபடி பார்த்தால் நடுவயது மனிதர். இவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லை. மேஜைமேல் ஸ்பீக்கர் போன். அதிலிருந்து புத்தகத் தமிழ் வந்தது: “வணக்கம். அதிகாரி வினவுவதை நான் தங்களுக்கு மொழிபெயர்த்துரைப்பேன்.”

மாப்பிள்ளை பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பக்கம் புத்தகத் தமிழ் பொலபொலவென்று உதிர்ந்தது.

“அண்ணே! நீங்க அந்தக் கடல்ல சாவீங்களே, அவரா? குரலைக் கேட்டதுமே நினைச்சேன். எங்க வீட்ல அத்தனை பேரும் அழுதோம்ணே!”

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். பேசிய எதையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார், பாவம். அவரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இந்த வரலாறு முழுக்க என் எழுத்துக்கு மனமாரக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

அதிகாரி படத்தைத் தேடி எடுத்துக் கணினியைத் திருப்பி வைத்தார்.

“இது நீங்களா?”

“நான்தான்.”

“இந்த வழியின் ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியும்.”

“இது கடல் சார். நான் வந்தது பாலைவனம்.”

“பாலைவனப் படத்திலும் இருக்கிறீர்கள்.”

மாப்பிள்ளை பெயின்டரைப் பற்றிச் சொன்னார். மகளைப் பள்ளி வாசலில் மறித்ததைச் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. தஞ்சம் மறுத்த தீர்ப்பில் அது இப்படி இடம்பெற்றது: ‘விண்ணப்பதாரர் துயரத்தைத் தத்ரூபமாக நடித்துக் காட்டுவதில் தேர்ந்தவர். அவரது கண்ணீருக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்று தீர்மானிக்க இயலவில்லை. பெயின்டர் இறந்தது மாரடைப்பால் என அவரது நாட்டு மருத்துவ அறிக்கை கூறுகிறது. முறையான வழி இருப்பதை விண்ணப்பதாரர் தமது சொந்தக் குரலிலேயே பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறார்.’

7

தீர்ப்பு வந்த கையோடு சட்டமும் மாறியது. பாலைவனம் வழியாக வந்தவர்கள் சொல்வது மெய்யோ பொய்யோ, அந்தத் தேசத்தில் வைத்துக்கொள்ளப்பட மாட்டார்கள். ஒப்பந்தம் போட்டுக்கொண்ட வேறொரு நாட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இவரைச் சொந்த ஊருக்கும் அனுப்பவில்லை. அனுப்பிச் செத்துக்கித்துப் போனால் பேச்சு வரும் அல்லவா?

“எங்க மாப்ள இருக்கீங்க?”

“பேரு சொன்னாங்க மச்சான், வாயில நுழையல. பழைய ஹாஸ்டல் மாதிரி இருக்கு. அடுக்குக் கட்டில். ஜன்னல் திறக்காது. பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர்னு கேட்க எனக்கு பாஷை இல்ல. அவர் போன்ல சார்ஜ் ஏறல. பிரிச்சு சரிபண்ணிக் குடுத்தேன். இப்ப வரிசையில நிக்கறாங்க.”

“எப்ப விடுவாங்களாம்?”

“அதைக் கேட்கவும் பாஷை இல்லையே.”

அப்போதுதான் மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த மேடத்தோடு எனக்குப் பெரிய சிக்கல். கதை ஒரு வில்லியைக் கேட்கிறது, அவரோ மாட்டேன் என்கிறார். என் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று ஞாபகமாகக் கேட்கிறவர். மாப்பிள்ளை போன அன்று என்னோடு சேர்ந்து அழுதவர். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் எனக்கும் உங்களுக்கும் வசதியாக இருக்கும். இல்லாத குணத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

“சார், அவரே கேமரா முன்னாடி பேசினா நல்லாருக்கும்னு நினைக்கறாங்க. ‘நான் பண்ணது தப்பு, யாரும் வராதீங்க’ன்னு. உறுதியெல்லாம் தரமுடியாது. ஆனா அவர் கேஸைச் சாதகமா பார்ப்பாங்கன்னு மேல சொல்றாங்க.”

“மேலன்னா யாரு மேடம்?”

“எனக்கே தெரியாது சார்.”

எழுதினேன். மாப்பிள்ளை கேட்டார்: “பெயின்டரைப் பத்தி ஒரு வரி வச்சுக்கலாமா மச்சான்?” வைத்தேன். நீளம் அதிகமென்று எடுத்துவிட்டார்கள்.

அந்த ஹாஸ்டலிலேயே ஒரு அறையில் விளக்குக் கட்டிப் படம் எடுத்தார்கள். முதல் டேக்கில் மாப்பிள்ளை செய்தி வாசிப்பதுபோல் சொல்லி முடித்தார். உணர்ச்சி போதாது என்றார்கள். இரண்டாவது டேக்கில் விம்மி விம்மி அழுதார். அந்தப் பக்கம் யாரோ கைதட்டியது பதிவாகியிருக்கிறது. நேர்காணலில் எடை போட முடியாத கண்ணீர், படத்துக்கு முதல்தரமாக இருந்தது. அதே அரசாங்கம் அதைத் தன் முத்திரையோடு வெளியிட்டது.

தங்கை பார்த்தாள். “இது நடிப்புண்ணா. நெஜமா அழுதா அவருக்குச் சத்தமே வராது” என்றாள்.

கேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. மேடம் மட்டும் பதில் எழுதுவார். வருத்தம் தெரிவிப்பார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். கம்பெனி விரும்பும் முடிவு தயாராக இருக்கிறது: மாப்பிள்ளை திருந்தினார், நாடு திரும்பினார், கடையைத் திறந்தார். என் நாடகக் குழுவினர் விரும்பும் முடிவு வேறு: அவர் ஜன்னலை உடைத்து எழுச்சியுரை ஆற்றுகிறார். நான் எழுதி வைத்திருந்தது, பக்கத்துக் கட்டில்காரரும் அவரும் மெல்ல மெல்ல ஒரு பொதுமொழியை

அதை முடிக்கவிடாமல் இன்று மத்தியானம் தங்கை வந்துவிட்டாள், மகளையும் கூட்டிக்கொண்டு. கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நேத்து அந்த பைக்ல வந்தவனுங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். குடிச்சிட்டு டம்ளரை இவ கையில குடுத்துட்டுப் போனாங்க.”

நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“என் வீட்ல வந்து இருந்துக்கோ.”

“உன் வீடு அவங்களுக்குத் தெரியாதா? விடு. பாலைவனத்தையும் அடைச்சிட்டாங்களாமே. இப்ப எந்த வழி திறந்திருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“உனக்குத் தெரியாம? அடுத்த படத்துக்குக் கூப்பிட்டிருப்பாங்களே.”

கூப்பிட்டிருந்தார்கள். போன வாரம் அந்தக் கண்ணாடி அறையில் புதிய சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். வழி எனக்குத் தெரியும். இறங்கும் ஊர் தெரியும், மாறும் வண்டி தெரியும். வேலி இன்னும் வரவில்லை, வரும். படமே இன்னும் எழுதப்படவில்லை. அது எந்த வழி என்று இங்கே எழுதமாட்டேன். இதை அவர்களும் படிப்பார்கள், படித்த மறுநாள் சாக்பீஸோடு நிற்பார்கள்.

சொன்னால், அவளும் குழந்தையும் அந்த வழியில் ஏறுவார்கள். அதில் யார் யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்று சொன்னால் இங்கேயே இருப்பார்கள், பைக்கின் சத்தம் கேட்கும் தூரத்தில். அல்லது எவனோ ஒரு ஏஜென்ட் சொல்லும் தவறான வழியில் போவார்கள். தவறான வழி எப்படி முடியும் என்று எழுத என்னைவிட்டால் ஆளில்லை.

“டீ போட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். இதையெல்லாம் அடுப்பு மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். பால் பொங்கி வழிந்து அடங்கிவிட்டது. கூடத்தில் குழந்தை ஏதோ கேட்க, அவள் “இரு, மாமா வந்து சொல்லும்” என்கிறாள்.

மூன்று படங்களிலும் இந்த இடத்தில் ஒரு குரல் வரும். எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள். டம்ளர்களை நான் எடுத்துக்கொள்கிறேன், கதவை நீங்கள் தள்ளுங்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். முதலில் உங்களைத்தான் பார்ப்பாள். அவளிடம்